பெட்டியின் மேல் இருந்த கை

ரத்தம் எடுக்கும்போது வலிக்குமா என்று கேட்டதற்கு, வலிக்கும் என்று பதில் சொன்ன ஒரே ஆள் அந்த அக்காதான்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, மடவார் வளாகத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு லேப்பின் மாடிப்படி ஏறும்போதே எனக்குக் கை வேர்த்துவிட்டது. ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்தும் அந்தப் பயம் போகவில்லை. அக்கா என் கையில் ரப்பர் குழாயைக் கட்டிவிட்டு, ஒற்றை விரலால் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார். வலிக்குமா அக்கா என்று கேட்டேன்.

"வலிக்கும். மூணு எண்ணு. அதுக்குள்ள முடிஞ்சிரும்."

எண்ணினேன். மூன்று சொல்லும்போது பஞ்சு என் கையில் இருந்தது. அதற்குப் பிறகு பிரசவம் வரைக்கும் எத்தனையோ பேர் எனக்கு ஊசி குத்தியிருக்கிறார்கள். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்றார்கள், ஒண்ணுமே தெரியாது என்றார்கள். அவர்களிடம் எல்லாம் எனக்குப் பயம் கூடத்தான் செய்தது. இவரிடம் வேறு மாதிரியான பயம். இவர் சொல்வது அப்படியே நடந்துவிடும் என்கிற பயம்.

அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவரைக் கேட்கவில்லை, கேட்க வழியும் இல்லை. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மெலிந்த கை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் இரண்டு பொருள் இருக்கும். ரத்தக் குப்பியில் பெயர் எழுதும் மார்க்கர் ஒன்று, பென்சில் ஒன்று. ரப்பர் வைத்துக்கொள்ள மாட்டார்.

பென்சில் எதற்கு என்று எனக்கு மூன்றாவது முறை போனபோதுதான் தெரிந்தது. லேப்பில் அச்சுப் பிசகி வீணாய்ப் போன ரிப்போர்ட் தாள்களை அவர் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். முன்பக்கம் பெயர், வயது, பரிசோதனை, முடிவு என்று கட்டங்கள் காலியாக இருக்கும். பின்பக்கத்தில் படங்கள். எல்லாமே வாத்தியம் வாசிக்கிற ஆட்கள். கோயில் நாகஸ்வரக்காரர், கல்யாண மண்டபத்துக் கீபோர்டுக்காரர், சர்ச்சில் பாடுகிற பிள்ளைகள், பங்குனித் திருவிழா பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கிறவர். மதியம் இரண்டு மணிக்குத் தன் வேலை முடிந்ததும், எங்கே கச்சேரி என்றாலும் போய் முன்வரிசையில் இடது ஓரமாக உட்கார்ந்துவிடுவாராம். பாட்டு கேட்கவா அக்கா போறீங்க என்றேன். பார்க்கப் போறேன் என்றார்.

நாகஸ்வரக்காரர் ஒருமுறை தன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போனாராம். என்னம்மா, தவக்களை மாதிரி வரைஞ்சிருக்கியே, கோயில்ல வாசிக்கிற ஆளைக் கொஞ்சம் லட்சணமா வரையக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவர், ஊதும்போது அப்படித்தான் இருந்தது, ஊதாதபோது சொல்லுங்கள், லட்சணமாக வரைந்து தருகிறேன் என்றாராம். அம்மா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் இன்னொரு கதையைச் சொல்லும்போது அம்மா சிரிக்க மாட்டாள். அது தவில்காரர் கதை. அவருடைய படத்தில் வலது கைச் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களிலிருந்து விலகித் தனியாக நிற்குமாம். பக்கத்துப் படத்திலும் அதே மாதிரி, அதற்கடுத்த படத்திலும். விரல் கோணலாய் வந்துவிட்டது என்று எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். நாலைந்து மாதத்தில் அந்த விரலில் உணர்ச்சி இல்லை என்று தவில்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய், சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு தெருவில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிட்டது. அவ பென்சில் பட்டா நேரே ஆஸ்பத்திரிதான் என்று. பாதி விளையாட்டு, பாதி நிஜம். அம்மா இதை அக்காவிடமே சொல்லியிருக்கிறாள்.

"நான் வரைஞ்சதால வரலம்மா. வந்திருந்ததை வரைஞ்சேன்" என்றாராம் அவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

எனக்கு இந்தப் பதில் ஆறுதலாக இல்லை.

என் மாமனார் வீட்டில் பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிறது. பேண்டேஜ் துணி நெய்கிறோம். தறி செட்டும் வீடும் ஒரே சுவர். காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டால் ராத்திரி வரைக்கும் அந்த இரைச்சல்தான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. போகப் போக ஒன்று கவனித்தேன். தறி ஓடும்போது இந்த வீட்டில் யாருமே வாயால் பேசுவதில்லை. பேசினால் கேட்காது. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்தால் டீ. உள்ளங்கையை வயிற்றில் தட்டினால் சாப்பாடு தயார். கோபம், கேலி, சமாதானம் எல்லாமே கண்ணாலும் புருவத்தாலும்தான். என் கணவர் என்னிடம் முதன்முதலில் மன்னிப்புக் கேட்டதே கையால்தான். மூன்று மாதத்தில் நானும் பழகிவிட்டேன்.

என் மகன் பிறந்து மூன்றாம் மாதம் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவனை எல்லோரும் கொண்டாடினார்கள். அத்தனை இரைச்சலில் தூளியில் அசையாமல் தூங்கினான். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரிடமும் தூளியைக் காட்டுவார். அதிலும் ஒரு விஷயம். கரண்டு போய்த் தறிகள் நின்றால் பிள்ளை உடனே விழித்துக்கொள்வான்.

"தறி நின்னா முழிக்கான் பாத்தீகளா. ரத்தத்துலயே இருக்கு தொழில்" என்பார் மாமனார்.

நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் நின்றது தெரிகிறது என்றால் சத்தம் கேட்கிறது என்றுதானே அர்த்தம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கொடுத்த தாளில் கடைசி வரி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். காது பரிசோதனை, மறுபடி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. முதல் முறை பார்த்தபோது பிள்ளை அழுதுகொண்டே இருந்தான், சரியாக வரவில்லை, ஒரு மாதம் கழித்துக் கூட்டிவாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அது எல்லாருக்கும் எழுதுறதுதான் என்றார் என் கணவர். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். நான் கூட்டிப் போகவில்லை. படித்தவள். தாளை வாசித்தவள். கூட்டிப் போகவில்லை.

ஒரு வயது தாண்டியும் அவன் அம்மா என்று சொல்லவில்லை. பையன்கள் தாமதமாகத்தான் பேசுவார்கள் என்றார்கள். ஆனால் அவனுக்கு எல்லாம் புரிந்தது. டீ என்று மாமனார் சைகை காட்டினால் டம்ளரை எடுக்க ஓடுவான். வயிற்றைத் தட்டிக் காட்டிச் சோறு கேட்பான். பேசத்தான் இல்லை, எம்புட்டு விவரம் பாரு என்று வீடே மெச்சியது. வேறு வீடாக இருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் பேச்சே அப்படித்தான் என்பதால் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

எனக்குப் பட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் அவனைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் தட்டைக் கீழே போடுவேன், திரும்புவான். அப்பாடா என்றிருக்கும். பிறகு தரை அதிர்ந்ததால் திரும்பினானோ என்று தோன்றும். கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவேன், திரும்ப மாட்டான். தறி ஓடுகிறது, எனக்கே என் குரல் கேட்கவில்லை, அவனுக்கு எப்படிக் கேட்கும் என்று சமாதானம் செய்துகொள்வேன். கரண்டு போன நேரத்தில் சோதிக்கலாம் என்றால் வீடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். அவன் காதுக்குப் பின்னால் விரலைச் சொடுக்க எனக்கு ஒரு நிமிடம் தனிமை வேண்டியிருந்தது. கிடைத்தால் கை எழும்பாது. சொடுக்கி, அவன் திரும்பாவிட்டால் என்ன செய்வது.

அப்படியே அவனுக்கு ஒரு வயது பத்து மாதம் ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கிதார் கச்சேரி. ராஜபாளையத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி, மூட்டைகளை அடுக்கி வைக்கிற குடோன். என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஒருவர், அந்தக் கிட்டங்கி வைத்திருக்கும் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை, பெங்களூரிலிருந்து வந்திருந்தார். சாயங்காலம் நாலரைக்கு வாசிக்கிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டார். பாட்டு இருக்காது, தாளமும் இருக்காது, ஒரே மெட்டு மெதுவாக மாறிக்கொண்டே போகும், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றாராம். என் கணவருக்குச் சிரிப்பு.

"கரண்டு போன பொறவும் செத்த நேரம் காதுக்குள்ள தறி ஓடும்ல, அதைத்தான் கிதார்ல வாசிக்கப் போறான்" என்றார்.

நான் போகலாம் என்றேன். அவருக்கே ஆச்சரியம். என் காரணம் வேறு. இரைச்சலும் இல்லாத, நிசப்தமும் இல்லாத ஓர் இடம் எனக்குத் தேவையாக இருந்தது. மெதுவான சத்தத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.

அக்கா அங்கே வந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, முன்வரிசை இடது ஓரத்தில், தரையில் விரித்த சாக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் அட்டை, அதில் ரிப்போர்ட் தாள்கள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். பிள்ளையைப் பார்த்தும் அதே மாதிரி அசைத்தார், பெரிய ஆளுக்குச் செய்வது போல.

வாசித்தவர்கள் இரண்டு பேர். கிட்டங்கிக்காரர் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் கிதாரை மடியில் படுக்கப்போட்டு, ஓர் இரும்புக் குழாயைக் கம்பிகளின் மேல் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு கம்பியை ஒருமுறை தொட்டால் அந்த ஒலி போகாமல் கிட்டங்கிக்குள்ளேயே சுற்றியது. அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. நல்லதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எப்படி வரைவார் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். தாளைப் பார்க்கவே மாட்டார். கண் ஆளின் மேலேயே இருக்கும், கை தன்பாட்டில் போகும். நரம்பு தேடும்போதும் இப்படித்தான், கண் ஓரிடம் விரல் ஓரிடம். ஆள் அசைந்துவிட்டால் அந்தப் படம் அத்தோடு சரி. அழிக்கவோ திருத்தவோ மாட்டார், அடுத்த தாள். கிட்டங்கிக்காரர் செருப்பில்லாமல் நின்று, கிதாரின் ஒலியை மாற்றுகிற, தரையில் கிடந்த சின்னப் பெட்டிகளின் குமிழைக் கால் பெருவிரலால் திருகிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவர் கைவிரல்களைப் பார்க்க, அக்கா அந்தப் பெருவிரலை வரைந்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் என் மகன் மடியிலிருந்து நழுவி, வாசிப்பவர்களுக்கு முன்னால் இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியிடம் போனான். இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்தான். வைத்ததும் சிரித்தான். வாயைத் திறந்து, தோள் குலுங்க, அப்படியொரு சிரிப்பு. கிட்டங்கிக்காரர் அவனைப் பார்த்துவிட்டு இன்னும் ஆழமாக ஒன்று வாசித்தார். இவன் இன்னும் சிரித்தான். வாசலில் நின்ற என் கணவர், பாரு என்று எனக்குக் கையைக் காட்டினார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேட்கிறது. என் பிள்ளைக்குக் கேட்கிறது. இத்தனை நாள் பயந்தது எல்லாம் என் பைத்தியக்காரத்தனம்.

காதுக்குக் கெடுதல் என்று அவனைத் தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டேன். அடங்கிவிட்டான். மறுபடி ஓடினான். மறுபடி சிரிப்பு. மறுபடி தூக்கிவந்தேன்.

ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆட்கள் எழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்காரரிடம் போய்விட்டார். அக்கா என்னைக் கூப்பிட்டு, செத்த நேரம் உட்காரச் சொன்னார். ஒரு பஞ்சு மூட்டையின் மேல் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஐந்து தாள். ஆறாவதை அட்டையிலேயே வைத்துக்கொண்டார்.

படங்கள் நன்றாக இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தேன். கிட்டங்கிக்காரரின் கால், மதுரைப் பெண்ணின் மணிக்கட்டு, இரும்புக் குழாய். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் என் மகன் இருந்தான்.

"உன் பிள்ளைய மட்டும் பாரு" என்றார்.

முதல் தாளில் கை பெட்டியின் மேல், வாய் நிறையச் சிரிப்பு. இரண்டாவதில் என் மடியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆளின் முகம் போல ஒரு முகம். மூன்றாவதில் பெட்டி, சிரிப்பு. நான்காவதில் மடி, அதே வெற்று முகம். ஐந்தாவதில் கிட்டங்கிக்காரர் திடீரென்று ஓங்கி ஒரு கம்பியை இழுத்த நேரம். பக்கத்தில் இருந்த இரண்டு பேரின் தோள் தூக்கியிருக்கிறது, ஒரு பெண் காதைப் பொத்துகிறாள். என் மகன் என் முந்தானை நுனியில் இருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.

"கை பெட்டி மேல இருந்தா சிரிக்கான். கைய எடுத்துட்டா சிரிப்பு இல்ல."

"அவனுக்குப் பாட்டு பிடிச்சிருக்குக்கா. கிட்டப் போகணும்னு ஆசை."

"இருக்கலாம். நான் பாத்ததைச் சொல்லுதேன்."

தவில்காரரின் சுண்டுவிரல் ஞாபகத்துக்கு வந்தது. இவரை யார் என் பிள்ளையை வரையச் சொன்னது. நான் அதுவரை யாரிடமும் மரியாதை குறைவாகப் பேசியதில்லை.

"நீங்க டாக்டரா? ரத்தம் எடுக்கிற வேலைதானே பாக்கீங்க?"

"ஆமா. ரத்தம் எடுக்கிற வேலைதான்" என்றார். கோபமே இல்லை. தாள்களை அடுக்கினார். அட்டையில் இருந்த ஆறாவது தாளையும் அடியில் சேர்த்து என்னிடம் நீட்டினார். "கொண்டுபோயி வீட்ல வச்சு நிதானமாப் பாரு."

வாங்கிக்கொண்டேன். பார்ப்பதற்காக இல்லை. வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

வீட்டில் மாதிரிக்காக எடுத்து வைத்த பேண்டேஜ் துணி உருளைகள் பீரோவின் அடித்தட்டில் இருக்கும். அவற்றின் மடிப்புக்குள் தாள்களைச் செருகிவிட்டேன். முப்பத்தெட்டு நாள் அங்கேயே இருந்தன. தினமும் பீரோவைத் திறக்கும்போது அடித்தட்டைப் பார்க்காமல் திறக்கப் பழகிக்கொண்டேன். அக்கா என் அம்மாவிடம் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று பயந்து இரண்டு முறை அம்மாவுக்குப் போன் செய்து பார்த்தேன். அக்கா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

முப்பத்தேழாம் நாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல். டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லிவிட்டார். வேறு லேப்புக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தெரிஞ்ச பிள்ளை இருக்கும்போது வேற எங்கிட்டுப் போக என்று அம்மா கேட்டாள். போனோம்.

அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையை என் மடியில் உட்காரவைத்து, அவன் முகத்துக்கு நேரே குனிந்தார். ஊசியைக் காட்டினார். பிறகு தன் கண்களை இறுக்க மூடி, முகத்தைச் சுருக்கி, ஐயோ என்பது போல உதட்டைக் கடித்துக் காட்டினார். வலிக்கும். பிறகு மூன்று விரலை நீட்டினார். அவன் அந்த விரல்களையே பார்த்தான். ஒரு கையில் ஊசி ஏறியது, மறு கையில் ஒரு விரல் மடங்கியது. அவன் வீறிட்டான். ஆனாலும் விரல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது மடங்கியது. மூன்றாவது மடங்கியபோது ஊசி வெளியே இருந்தது.

நாலு மணிக்கு மேல ரிப்போர்ட் வாங்கிக்கோ என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான்.

படி இறங்கும்போதுதான் உறைத்தது. என்னிடம் பேசினார். அம்மாவிடம் பேசினார். அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எல்லோரும் அவனிடம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவார்கள். அவர் ஒருத்தர்தான் அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். மறுநாள் ராஜபாளையம் வந்ததும் பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன். மதியம் மூன்று மணி, தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து தாளையும் தாண்டி ஆறாவதை எடுத்தேன்.

அதில் வாத்தியக்காரர்கள் இல்லை. நான் இருந்தேன். என் மடியில் மகன் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். என் வலது கை அவன் காதுக்குப் பின்னால் தூக்கியிருக்கிறது. கட்டைவிரலும் நடுவிரலும் சொடுக்குவதற்காக ஒன்றையொன்று அழுத்தியபடி. என் கண் கச்சேரியில் இல்லை, அவன் காதுமடலில் இருக்கிறது. கிட்டங்கியில் நான் அப்படிச் செய்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. செய்யப் போய், செய்யாமல் விட்டிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஏதோ சந்தேகப்படுகிற முகம் இல்லை அது. தெரிந்தவளின் முகம்.

தாளைத் திருப்பினேன். பெயர், வயது, பரிசோதனை, முடிவு. எல்லாம் காலி.

தறி செட்டுக்குப் போனேன். என் கணவர் ஒரு தறியில் இழை முடிந்துகொண்டிருந்தார். ஆறு தாளையும் அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவதில் நின்றார். ஆறாவதில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு உள்ளங்கையைத் திருப்பி, எப்போதிலிருந்து என்று கையால் கேட்டார். நான் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தைக் காட்டினேன், கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து. அவர் என்னை அடித்துவிடுவார் என்றுகூட அந்த நொடி நினைத்தேன். அடிக்கிற ஆளே இல்லை அவர். பயத்தில் எதுவும் தோன்றும்.

எங்கள் மகன் வாசல் பக்கம் தரையில், காலி நூல்கண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். என் கணவர் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பன்னிரண்டு தறியும் நின்றன. மகன் உடனே நிமிர்ந்து பார்த்தான். அவன் இரண்டு கால்களும், அதுவரை தறியோடு அதிர்ந்துகொண்டிருந்த சிமெண்டுத் தரையில் பதிந்திருந்ததை அப்போதுதான் நான் பார்த்தேன். தறி நின்றால் முழிக்கிற பிள்ளை. அவனுக்கு எப்போதுமே ஏதாவது ஒரு பெட்டியின் மேல் கை இருந்திருக்கிறது.

தறி அசையாததைப் பார்த்துவிட்டு அவன் மறுபடி விளையாட்டுக்குக் குனிந்தான். என் கணவர் அவனுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னும் ஓங்கிக் கூப்பிட்டார். மூன்றாவது முறை அவர் குரல் உடைந்துவிட்டது. நூல்கண்டு ஒன்று சரிந்தது, மகன் பொறுமையாக அதை எடுத்து மறுபடி அடுக்கினான்.

ஏம்லே தறிய நிப்பாட்டுன என்று கேட்டுக்கொண்டே மாமனார் உள்ளிருந்து வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் தறியை ஓட்டவில்லை.

மதுரையில் தலையில் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள். மருந்தில்லை, காதில் மிஷின் வைத்துப் பார்ப்போம், போதாவிட்டால் காதுக்குப் பின்னால் ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றார்கள். எவ்வளவு சீக்கிரமோ என்பதிலிருந்து நான் வீணாக்கிய முப்பத்தெட்டு நாளைக் கழித்துப் பார்த்தேன். பிறகு ஆஸ்பத்திரித் தாளின் கடைசி வரியை வாசித்த நாளிலிருந்து எண்ணிக் கழித்துப் பார்த்தேன். இன்றைக்கும் சில நாட்களில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்றதும் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போனேன். அக்காவின் காலில் விழுவதா, தாள்களைத் திருப்பிக் கொடுப்பதா, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அக்காவின் நாற்காலியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அவிய வேலைய விட்டுட்டுப் போயிட்டாவ அக்கா. மக வீட்டோட இருக்கப் போறேன்னாவ. திருநெல்வேலியோ நாகர்கோயிலோ, சரியாத் தெரியல."

மேசை மேல் அந்தத் தாள் கட்டு இல்லை. பெண் நல்லவள், பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, வலிக்காது தங்கம் என்றாள். நான் அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவன் முகத்துக்கு நேரே குனிந்து கண்ணை இறுக்க மூடிக் காட்டினேன். மூன்று விரலை நீட்டினேன். அவன் மூன்றையும் எண்ணினான்.

கருவி வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் நாள் அதை முடுக்கியபோது அவன் பயந்து அலறினான். அதற்கு என்ன அர்த்தம், கேட்டதால் அலறினானா, வலித்ததா என்று எனக்குள் ஓடியதை எழுத முடியாது. இப்போது வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு மதுரை போகிறோம். பாட்டரி தீர்ந்துவிடுமோ, விளையாட்டில் விழுந்து கருவி போய்விடுமோ என்று எனக்குப் புதிய பயங்கள் நிறைய வந்துவிட்டன. நான் பேசினால் அவன் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். வைத்துக்கொண்டால்தான் முகம் மலரும். பயிற்சி சொல்லித்தருகிறவர், அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டுப் பேசிப் பாருங்கள் என்று பல தடவை சொல்லிவிட்டார். எனக்குக் கை வரவில்லை. எடுத்து, அந்த இரண்டாவது தாளின் முகம் வந்துவிட்டால்?

போன ஞாயிற்றுக்கிழமை தறி லீவு. வீடு அமைதியாக இருந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் என் முதுகில் சாய்ந்து, தோளுக்கு மேலாகக் கையை விட்டு என் தொண்டையில் வைத்திருந்தான். நான் கீரையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். பிறகு அவன் மறு கையிலிருந்த நூல்கண்டு நழுவி உருண்டு போக, அதை எடுக்க எழுந்து போனான். எனக்கு முதுகைக் காட்டி, கதவுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான்.

வலிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று எண்ணினேன். அவன் பெயரைச் சொன்னேன், சத்தமாக இல்லை, சாதாரணமாக.

அந்த அக்கா இருந்திருந்தால் வரைந்திருப்பார். எனக்கு வரையத் தெரியாது. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ஒரு கையில் நூல்கண்டு. மறு கை எதன் மேலும் இல்லை. முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.